மூன்று குவளை ஆற்றிய செய்தி

வானத்துக்கு இரண்டு மாடி இருந்த காலம் அது. இன்றைக்கு அண்ணாந்து பார்த்தால் வெறும் நீலம்தான் தெரிகிறது, இல்லையா? அன்றைக்குக் கீழே ஒரு நாடு, அதன் தலைக்கு மேலே மிதந்தபடி இன்னொரு நாடு. கீழ்நாட்டுக்குத் தாழகம் என்று பெயர். மேல்நாட்டுக்கு முகடகம் என்று பெயர்.

ஒரு நாடு எப்படி மிதக்கும் என்கிறீர்களா? ஏந்துகல் என்று ஒரு கல் இருந்தது. மலையையே தூக்கிப் பிடிக்கிற சக்தி அதற்கு உண்டு. நல்ல கல் பச்சையாக ஒளிரும், கிழடு தட்டினால் மங்கும். அந்தக் கல் தாழகத்துச் சுரங்கத்தில் மட்டும்தான் கிடைத்தது. மழைநீரோ முகடகத்து ஏரிகளில் மட்டும்தான் நின்றது. ஆகவே கல் மேலே போனது, தண்ணீர் கீழே வந்தது. இரண்டு நாட்டுக்கும் இடையே இருந்த உடன்படிக்கை அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்று சொல்வதற்கில்லை, ஆனால் ஒருவர் இல்லாமல் ஒருவருக்குப் பிழைப்பும் இல்லை.

தாழகத்தின் மேல் எந்நேரமும் மேல்நாட்டின் நிழல் கிடந்தது. ஜனங்கள் பகலிலும் விளக்கு ஏற்றி வைத்துத்தான் உழுதார்கள், விளக்கு வெளிச்சத்தில்தான் அறுத்தார்கள். அதனாலோ என்னவோ, அந்த நாட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. சிரிக்காமல் கேளுங்கள். வெளிநாட்டுச் செய்தி எதையும் அரசர் சுடச்சுடக் கேட்கக் கூடாது, ஆற்றித்தான் கேட்க வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்னொரு அரசன் இருந்தான், மகா முன்கோபி. "மேல்நாட்டான் நம் கொடி மேல் துப்பிவிட்டான்" என்று எவனோ ஓடிவந்து சொல்ல, வந்த கோபத்தில் மின்னல் அம்பை மேலே ஏவிவிட்டான். முகடகத்தில் ஓர் ஊரே எரிந்தது. அப்புறம் விசாரித்தால், கொடி மேல் விழுந்தது மேல்நாட்டு ஏரி வழிந்த தூறல். என்ன செய்ய, செத்தவர்கள் செத்தவர்கள்தான். அவனுக்குப் பின் வந்தவர்கள் கூடிப் பேசி இந்தச் சட்டத்தைப் போட்டார்கள். நல்ல மனசோடுதான் போட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆற்றுவது எப்படி என்றால், வருகிற தூதர் சொல்ல வேண்டியதைக் குரற்சங்கில் சொல்வார். சங்குக்குள் குரல் சூடு குறையாமல் நிற்கும். அரண்மனையை ஒட்டி ஆற்றுமண்டபம் என்று ஒன்று உண்டு. அங்கே அந்தக் குரலை, காய்ச்சின பாலை ஆற்றுவது போல, உயரத் தூக்கி மூன்று வெள்ளிக் குவளைகளில் மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். முதல் குவளையில் விழும்போது செய்தியிலிருந்து கோபம் ஆவியாகப் போகும். இரண்டாம் குவளையில் பயம் போகும். மூன்றாம் குவளையில் அவசரம் போகும். மிச்சம் இருப்பது அரசர் காதுக்குப் போகும்.

இந்த மண்டபத்துக்குத் தலைவன் அந்துவன். அவன் கைக்கு ஈடான கை தாழகத்திலேயே கிடையாது. அவன் ஆற்றிய செய்தியைக் கேட்டால் அரசர் நெடுவேள் அப்படியே சாய்ந்து ஒரு தூக்கம் போடலாம், அவ்வளவு பதம். கெட்ட மனிதன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது. யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவன். அவன் மனைவி இறந்தபோது, வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் வெண்ணிக்குச் சொல்லி அனுப்பினான். முதலில் அம்மாவுக்குத் தலைவலி என்றான். அப்புறம் கொஞ்சம் ஜுரம் என்றான். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அவள் அழுதுகொண்டு வந்து சேர்வதற்குள் சிதை எரிந்து முடிந்திருந்தது. பெற்ற தாயின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அந்த மகள் இருந்தது கிழக்கு எல்லையில், கீழைப்பதி என்ற ஊரில். அப்போதுதான் ஆண் குழந்தை பெற்றிருந்தாள். அந்துவனுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த இரண்டு பேர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முகடகத்திலிருந்து கயிற்றுக் கூடையில் ஒரு தூதர் இறங்கி வந்தாள். மாசாத்தி என்று பெயர். பல காலம் அரச காரியம் பார்த்தவள், பதறுகிற ஜாதி இல்லை. ஆனால் அன்றைக்குக் கூடை தரையைத் தொடுவதற்குள் குதித்து இறங்கினாள். சங்கில் பேசினாள். வழக்கப்படி அந்துவன் காதில் மட்டும் அது சுடச்சுட விழுந்தது.

"எங்கள் கிழக்குச் சிறகில் ஏந்துகல் செத்துக்கொண்டிருக்கிறது. கல் அனுப்புங்கள் என்று எத்தனை தடவை கேட்டோம்? இப்போது கல் வந்தாலும் கிழக்கைக் காப்பாற்ற முடியாது, மற்ற திசைகளையாவது காப்பாற்றலாம். எங்கள் ஜனங்களை மேற்கே நகர்த்திவிட்டோம். சிறகு முறிந்தால் நேராகக் கீழைப்பதி மேல்தான் விழும். இன்றைக்கே ஊரைக் காலி பண்ணுங்கள். இன்றைக்கே."

கீழைப்பதி என்றதும் அந்துவன் எழுந்துவிட்டான். ஆனால் ஆற்றுகிறவன் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் உண்டு. சட்டம் சட்டம்தானே என்று குவளையைத் தூக்கினான்.

முதல் குவளையில் ஊற்றினான். "எத்தனை தடவை கேட்டோம்" என்பது போயிற்று. இரண்டாம் குவளையில் ஊற்றினான். "ஊர் மேல் விழும்" என்பது போயிற்று. மூன்றாம் குவளையில் ஊற்றினான். "இன்றைக்கே" என்பது போயிற்று.

அரசர் காதுக்குப் போனது இவ்வளவுதான்: "முகடகத்து அரசி நலம் விசாரிக்கிறாள். கிழக்குப் பக்கம் கல் சற்று மங்குகிறது. தங்களுக்குத் தோதுப்படும்போது கல் கொடுத்தால் மகிழ்வாள். கீழைப்பதி ஜனங்களையும் ஒரு சமயம் வேறிடம் மாற்றுவது நல்லது."

அரசர் நெடுவேள் தலையாட்டினார். "நல்ல யோசனை. அறுப்பு முடிந்து அவை கூடுமே, அப்போது பேசுவோம். அரசிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஒரு கூடை பலாச்சுளையும் அனுப்பி வையுங்கள்."

பலாச்சுளை! பதிலோடு வந்த கூடையை மாசாத்தி தள்ளி வைத்தாள். அப்புறம் அந்துவனிடம் மூன்று கேள்வி கேட்டாள்.

"ஐயா, என்னை அரசர் முன்னால் ஒரு நிமிஷம் நிற்க விடுவீர்களா?"

"சட்டத்தில் இடம் இல்லை அம்மா."

"சரி, என்னைக் கீழைப்பதிக்கு விடுவீர்களா? தெருத் தெருவாகப் போய் நானே கத்திக்கொள்கிறேன்."

"தூதர்கள் விருந்தினர் மாளிகையைத் தாண்டக் கூடாது அம்மா. வாசலில் காவல் நிற்கிறது."

"அந்த ஊரில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா ஐயா?"

அந்துவன் தரையைப் பார்த்தான். "மகள் இருக்கிறாள். பேரன் இருக்கிறான்."

"அவர்களுக்காவது சூட்டோடு சொல்லுங்கள்" என்றாள் மாசாத்தி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் சொன்னானா? சொன்னான். சத்தியத்தை மீறி, ஒரு சிறிய சங்கை எடுத்து, "வெண்ணி, வானம் இடிஞ்சு விழப்போகுதும்மா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடி வா, ஊரையும் கிளப்பு" என்று சொல்லிவிட்டான். அதோடு சங்கை மூடி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூடப் போன கை நின்றது. குரலில் என்னமோ கோபம் தெரிகிறதே, பெண் வருத்தப்படுவாளே என்று நினைத்தான். ஒரு குவளை ஆற்றினான். பால் கொடுக்கிறவள் ஆயிற்றே, பயந்தால் பால் வற்றிப்போகுமே என்று நினைத்தான். இரண்டாம் குவளை ஆற்றினான். மூன்றாம் குவளைக்கு அவன் ஒன்றும் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் பழகின கை, அதுபாட்டுக்குத் தூக்கி ஊற்றியது. ஊற்றினதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. மகளுக்குச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு சங்கைத் தூதுப்புறாவின் காலில் கட்டி அனுப்பினான்.

மறுநாள் காலை அதே புறா பதிலோடு வந்தது. வெண்ணியின் குரல், பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம்.

"அப்பா, 'சௌகரியப்படும்போது பிள்ளையோட ஒரு நடை வந்து போ'ன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க. கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள் வருது, அது முடிஞ்சதும் வந்துடறோம். ஆனா ஒண்ணுப்பா. ஏதாவது அவசரமா இருந்தா அவசரம்னு சொல்லிடுங்க. அம்மா விஷயத்துல இழுத்த மாதிரி இழுக்காதீங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இப்பவே கிளம்பிடுவேன்."

அப்போதுதான் அந்துவனுக்கு உறைத்தது. இன்னொரு சங்கை எடுத்து "உடனே வா" என்றான். கேட்டுப் பார்த்தால், பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்புக் கேட்பது போல இருந்தது. மறுபடி சொன்னான். மறுபடியும் அப்படித்தான். அடுத்தவர் சூட்டையெல்லாம் ஆற்றி ஆற்றி, அவன் தொண்டையில் சூடு என்பதே இல்லாமல் போயிருந்தது. அந்தச் சங்கைப் போட்டுவிட்டு, மகளுடைய சங்கை மடியில் செருகிக்கொண்டு கிழக்குச் சாலையில் ஓடினான். ஓடிப் பழகாத உடம்பு. விழுந்து எழுந்து ஓடினான்.

பாதி வழியில் இருக்கும்போது கிழக்கு வானத்தில் பச்சை வெளிச்சம் சிமிட்டியது. ஒரு தரம் சிமிட்டியது, இரண்டு தரம் சிமிட்டியது, மூன்றாம் தரம் அணைந்துவிட்டது. அப்புறம் வந்த சத்தத்தை நான் எப்படிச் சொல்ல? தரை அவனைத் தூக்கிப் போட்டது. புழுதி அடங்கிய பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தான். மேல்நாட்டின் கிழக்குச் சிறகு இருந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது. கீழைப்பதி இருந்த இடத்தில் கல்மலை இருந்தது. அந்த மலை மேல், தாழகம் கண்டிராத வெயில் பளீரென்று அடித்தது.

ஊர் ஓரத்தில் ஆடு மேய்க்கப் போய்த் தப்பித்தவன் ஒருவன் ஒரு சங்கில் பேசி, அதைக் கொண்டுவந்து அந்துவன் கையில் கொடுத்தான். அரசருக்குச் செய்தி போக வேண்டுமே. இது வானத்திலிருந்து விழுந்த விஷயம், ஆகையால் வெளிநாட்டுச் செய்தி, ஆகையால் ஆற்ற வேண்டும். அந்துவன் திரும்பி வந்தபோது மண்டபத்துக்காரர்கள் மூன்று குவளைகளையும் துடைத்து வரிசையாக வைத்துக் காத்திருந்தார்கள்.

அந்துவன் குவளைகளைப் பார்த்தான். தொடவில்லை. சங்கோடு நேரே அவைக்குள் போனான்.

"என்ன சத்தம் அந்துவரே, கிழக்கே?" என்றார் அரசர். "செய்தி ஆறிவிட்டதா?"

"இல்லை மன்னவா" என்று சொல்லிச் சங்கைத் திறந்தான். ஆட்டுக்காரன் ஒவ்வொரு வீட்டின் பெயராகச் சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு அழுத அழுகை அவை முழுக்க நிறைந்தது. அரசர் காதைப் பொத்திக்கொண்டார். அந்துவன் நிறுத்தவில்லை. அது முடிந்ததும் மடியிலிருந்து மகளுடைய சங்கை எடுத்துத் திறந்தான். "ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இப்பவே கிளம்பிடுவேன்" என்று வெண்ணி சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

அரசரின் முகம் வெளுத்தது. "இதை ஏன் எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை?"

"சொன்னேன் மன்னவா. பலாச்சுளை அனுப்பச் சொன்னீர்கள்."

அரசர் ஆசனத்தை விட்டு எழுந்தார்.

"பழி உங்கள் மேல் மட்டும் என்று நான் சொல்லவில்லை" என்றான் அந்துவன். "நீங்கள் ஆறின செய்தி கேட்டீர்கள், நான் ஆற்றிக் கொடுத்தேன். என் மகள் ஆற்றித் தரச் சொல்லவில்லை, அவளுக்கும் ஆற்றிக் கொடுத்தேன். அவளைக் கல் கொல்லவில்லை மன்னவா. நான்தான் கொன்றேன்."

அன்றைக்கே மாசாத்தியை அவைக்கு அழைத்தார்கள். அன்றைக்கே ஏந்துகல் மூட்டை மூட்டையாக மேலே போனது. முகடகத்தின் மற்ற மூன்று திசைகளும் பிழைத்தன, அவற்றின் அடியில் இருந்த ஊர்களும் பிழைத்தன. சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். கிளம்பும்போது மாசாத்தி அந்துவனைத் தேடிப் போய்ப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் அவன் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனாள்.

அந்துவன் அந்த மூன்று வெள்ளிக் குவளைகளையும் கொண்டுபோய்க் கல்மலை அடியில் புதைத்தான். அப்புறம் அவன் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பேர் வைக்காத பேரனை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்று தெரியாமல், மகள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு, தாழகத்திலேயே வெயில் விழுந்த அந்த ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான். கடைசிவரை அவன் குரலில் சூடு திரும்பவில்லை என்கிறார்கள்.

கதை அவ்வளவுதான், எழுந்து போகலாம். போகிறவர்கள் இதைக் கையோடு கொண்டு போங்கள்: கேட்பவர் மனம் நோகுமே என்று ஆபத்துச் செய்தியை ஆற்றிக் கொடுப்பவன், அவரைத் தன் கையாலேயே குழியில் தள்ளுகிறான்.