எஞ்சினைக் குளிப்பாட்டிய அருணகிரி

காலை ஆட்டாதே. கட்டிலே ஆடுது பாரு. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தூக்கம் வராதுதான். சும்மா கண்ணை மட்டும் மூடிக்கோ, காது திறந்திருக்கட்டும். நடுவுல நடுவுல "ம்" சொல்லணும். சொல்லலைன்னா கதை அங்கயே நின்னுடும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மனுசன். அவனால ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் இருக்க முடியாது. பேரு அருணகிரி. சாப்பிட உக்காந்தான்னா பாதியில எழுந்து, குழாய் ஒழுகுதான்னு பாக்கப் போவான். குழாயை மூடப் போனா அங்க கொடியில துணி காஞ்சிருக்கும். துணியை எடுத்துட்டு உள்ள வந்தா பீரோ கதவு கிரீச்சுங்கும். அதுக்கு எண்ணெய் தேடுவான். இங்க சோறு ஆறிப் போயிருக்கும்.

"என்ன மாதிரியா?"

உனக்கே அண்ணன் மாதிரி. கேளு.

அவன்கிட்ட ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்துச்சு. அவன் அப்பாவோட கார். அவனுக்கு ஒரு அக்கா, பேரு உலகம்மா. அந்தக் காருக்கு எங்க வலிச்சாலும் உலகம்மாவுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில இருந்து அப்பா கூட நின்னு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, அப்புறம் அவளே ஸ்பேனர் பிடிச்சு வேலை கத்துக்கிட்டவ. அருணகிரிக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். ஆனா அப்பா சாகிறப்போ சாவியை யார் கையில கொடுத்தார் தெரியுமா? அருணகிரி கையில. உலகம்மா, "ஏன்ப்பா, எனக்கு இல்லையா?"ன்னு கேட்டா. அப்பா பேசலை. அருணகிரி பேசிட்டான். "பொம்பளைக்கு எதுக்குக் காரு?"ன்னுட்டான்.

அவ்வளவுதான். அவ தன் ஊருக்குப் போனா. ஒன்பது வருஷம் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசலை.

"ஒன்பதா?"

ஒன்பது. உன் வயசை விட மூணு கூட.

அப்புறம் ஒரு நாள், அருணகிரியோட பொண்டாட்டி கோமதி, அவனுக்குச் சொல்லாம அக்காவுக்குப் போன் பண்ணினா. "மதினி, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. இவரு வாயைத் திறந்து கூப்பிட மாட்டாரு, ஆனா தெனமும் யாரையோ திட்டுற மாதிரி உங்க பேரைச் சொல்லிக்கிட்டே இருக்காரு"ன்னா. அதுக்கு உலகம்மா, "வரேன். வெள்ளிக்கிழமை நாலு மணி ரயில்ல இறங்குவேன். உன் வீட்டுக்காரன் ஸ்டேஷன்ல நிக்கணும். எதிர்ப்பக்கம் நாலரைக்கு ஒரு ரயில் இருக்கு. அவனைக் காணோம்னா அதுல ஏறி வந்த வழியே போயிடுவேன்"ன்னா.

கோமதி அதை அப்படியே அவன்கிட்ட சொன்னா. வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கே அருணகிரி வாசலுக்கும் வீட்டுக்கும் நடக்க ஆரம்பிச்சுட்டான். சரக் சரக், சரக் சரக். பெயிண்ட்டைத் துடைச்சான், கண்ணாடியைத் துடைச்சான். அப்புறம் பானெட்டைத் தூக்கிப் பாத்தான். ஐயய்யோ! எஞ்சின் மேல ஒன்பது வருஷ எண்ணெய்ப் பிசுக்கு. அதுல தூசி ஒட்டி, வேப்பஞ்சருகு ஒட்டி, அடையாட்டம் கருகருன்னு இருக்கு.

"கோமதி, இதை அக்கா பாத்தா செத்தேன். எஞ்சினைக் குளிப்பாட்டப் போறேன்."

"இன்னைக்கா? சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகணும், நினைப்பிருக்கா? வண்டியைக் குளிப்பாட்டுறேன்னு சொல்லி ஜலதோஷம் பிடிக்க வச்சுடாதீங்க."

"எனக்குத் தெரியும், நீ பக்கெட்டை எடுத்துட்டு வா."

நிஜமாவே கொஞ்சம் தெரியும் அவனுக்கு. எஞ்சின் மேல கையை வச்சுப் பாத்தான், ஜில்லுன்னு இருந்துச்சு. சூடா இருக்கிறப்போ தண்ணி ஊத்தக் கூடாது. பேட்டரியில ஒரு வயரைக் கழட்டி ஓரமா மடக்கி வச்சான். அப்புறம் தண்ணி படக் கூடாத இடத்துக்கெல்லாம் கவர் கட்டினான். கரண்டு உண்டாக்குற டைனமோவுக்கு ஒரு வெள்ளைக் கவர். நெருப்புப் பொறியைப் பிரிச்சுக் கொடுக்கிற மூடிக்கு ஒரு வெள்ளைக் கவர். எஞ்சின் மூச்சு விடணும் இல்ல? அந்தக் காத்து உள்ள போற குழாய் வாய்க்கு மூணாவது கவர். வெள்ளைக் கவர் தீந்துபோச்சு. அதனால கறுப்புக் கவர். ரப்பர் பேண்டைப் போட்டு, சடக்குன்னு இறுக்கிட்டான். எத்தனை கவர்?

"மூணு."

கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு.

அப்புறம் டீசலைப் பெயிண்ட் பிரஷ்ல தொட்டு, தேய் தேய்னு தேய்ச்சான். சந்து பொந்துக்கெல்லாம் பழைய பல் பிரஷ். சுரக் சுரக் சுரக். அப்புறம் சோப்புத்தண்ணி. அப்புறம் நல்ல தண்ணி, மக்குல மொண்டு மெதுவா சளப், சளப். கறுப்புத் தண்ணி வாசல் வழியா தெருவுக்கு ஓடுச்சு. கோமதி, "எதிர்வீட்டுக்காரி கோலத்தை அழிச்சாச்சு, இனி அவ கூடவும் ஒன்பது வருஷமா?"ன்னா.

ஆனா எஞ்சின் பளபளன்னு ஆயிடுச்சு. நம்பரெல்லாம் தெரியுது. துணியை வச்சு ஒத்தி ஒத்தி எடுத்தான். அப்புறம் கவரை அவுத்தான். டைனமோ கவரை எடுத்தான். பொறி மூடி மேல இருந்த கவரை எடுத்தான். அப்போ ஒரு ரப்பர் குழாய் மேல சோப்பு வெள்ளையாக் காஞ்சிருந்ததைப் பாத்தான். துணியை நனைக்க உள்ள ஓடினான். உள்ள கடிகாரம் ரெண்டரை காட்டுச்சு. "ஐயோ, குளிக்கலையே"ன்னு குளிக்கப் போனான். குளிச்சுட்டு வந்து வெள்ளைச் சட்டை போட்டான். பானெட்டை டமால்னு மூடினான்.

கறுப்புக் கவரை யாரு எடுத்தா?

"யாருமே எடுக்கலை!"

உஷ், சத்தம் போடாதே. அருணகிரிக்குக் கேட்டுடப் போகுது.

மூணு மணி. சாவியைத் திருப்பினான். சத்தமே இல்லை. டிக்குன்னுகூட இல்லை. அருணகிரிக்கு வேர்த்துப் போச்சு. இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான். கோமதி ஜன்னல்ல இருந்து, "காலையில பேட்டரி வயரைக் கழட்டினீங்களே, அது வயித்துக்குள்ளயா போச்சு?"ன்னா. அட ஆமா! வயரை மாட்டினான்.

மறுபடி திருப்பினான். குர்ர் குர்ர் குர்ர் குர்ர். சுத்துது, ஆனா பிடிக்கலை. குர்ர் குர்ர். அப்போ தெருமுனையில மூணரை பஸ் ஹாரன் அடிச்சுச்சு. பாம்ம்.

"பஸ்ல போயிடுங்களேன். அவங்களுக்கு நீங்கதான் வேணும், காரு இல்லை."

"அப்பா காரை எடுத்துக்கிட்டு, பஸ்ல போய் நிக்கச் சொல்றியா? அதைப் பாத்து அவ சிரிப்பா. நீ சும்மா இரு."

பஸ் போயிடுச்சு. அவன் அந்தப் பொறி மூடியைக் கழட்டினான். அதுல கட்டின வெள்ளைக் கவர் பழசு இல்ல? ஓரத்துல கிழிஞ்சிருந்ததால மூடிக்குள்ள ரெண்டு சொட்டுத் தண்ணி. வெள்ளைச் சட்டை நுனியாலயே துடைச்சான். கறுப்பாச்சு சட்டை. மூடியை மாட்டினான். மணி நாலு ஆகப் போகுது.

மூணாவது தடவை. குர்ர் குர்ர்... பூம்ம்! பிடிச்சுக்கிச்சு! அருணகிரி கையைத் தட்டினான். அப்புறம் ப்பூ... ப்பூ... புஸ்ஸ். நின்னுபோச்சு. மறுபடி அடிச்சான். பூம்ம், ப்பூ, புஸ்ஸ்.

"கவர்! கவர்!"

உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியலையே. கறுப்புக் குழாய் மேல கறுப்புக் கவர், பேட்டரி வேற மறைச்சுக்கிட்டு நிக்குது. அவன் அதுக்குப் பக்கத்துலயே பத்துத் தடவை கையை விட்டு எடுத்தான். நாலு இருபது ஆச்சு. ஸ்டேஷன் எட்டுக் கிலோமீட்டர். அவன் படியில உக்காந்தான். முதல் தடவையா அசையாம உக்காந்தான். கோமதி வெளிய வந்தா. தன் போன்ல நம்பரை அடிச்சு, அவன் காதுல வச்சுட்டா.

"சொல்லு கோமதி. எங்க உன் வீட்டுக்காரன்? ரயிலு எதிர்ல வந்து நிக்குது."

"அக்கா. நான்தான்."

அந்தப் பக்கம் டீ, டீன்னு யாரோ விக்கிறது மட்டும் கேட்டுச்சு.

"வண்டி எடுக்கலைக்கா."

"என்ன பண்ணினே?"

"கழுவினேன்."

"கழுவினா எடுக்காம போகுமா?"

"உள்ள கழுவினேன். எஞ்சினை."

"எஞ்சினையா? ஒன்பது வருஷமா கழுவாதவன் இன்னைக்கு எதுக்குடா கழுவினே?"

"நீ வர்றேன்னுதான்."

உலகம்மா தொண்டையைச் செருமிக்கிட்டா. "போனைக் கொண்டுபோய் எஞ்சின் பக்கத்துல வை. கோமதியைச் சாவி போடச் சொல்லு."

கோமதி சாவி போட்டா. பூம்ம், ப்பூ, புஸ்ஸ்.

"இன்னொரு தடவை."

பூம்ம், ப்பூ, புஸ்ஸ்.

"பெட்ரோல் வருது, பொறி வருது. காத்து வரலைடா. யாரோ மூக்கைப் பிடிச்ச மாதிரி நிக்குது. பேட்டரிக்குப் பின்னாடி காத்துக் குழாய் இருக்கும், அதோட வாயைத் தடவிப் பாரு."

அருணகிரி கையை விட்டான். தடவினான். சரசரன்னுச்சு.

"கிடைச்சுதா?"

"...கிடைச்சுது."

"என்ன அது?"

"கவரு."

"எந்தக் கடைக் கவரு?"

"அக்கா!"

"இல்லடா, நல்ல கடையா இருந்தா நானும் போகலாம்னு கேட்டேன். கழட்டு. கழட்டிட்டு அந்த ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாரு, தண்ணி நிக்குதான்னு. அவசரப்படாதே. நட்டை எங்க வைக்கிறே? மண்ணுல வைக்காதே, சட்டைப் பையில போடு."

அப்போ போனுக்குள்ள, பூவ்வ்வ்னு ரயில் கூவுச்சு.

"அக்கா, ரயிலு கூவுது."

"கூவட்டும். ஃபில்டர் ஈரமா இருக்கா?"

"இல்ல, காஞ்சிருக்கு. அக்கா, ரயிலு..."

தடக்... தடக்... தடக் தடக் தடக் தடக். அந்தச் சத்தம் பெருசாகி, அப்புறம் சின்னதாகி, அப்புறம் காணோம். டீ விக்கிறவன் சத்தம்கூட இல்லை.

"அக்கா? இருக்கியா?"

"எங்கடா போவேன்? போறது போயாச்சு. நட்டை முறுக்கு."

அருணகிரி நட்டை முறுக்கினான். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னேனே, பொம்பளைக்கு எதுக்குன்னு..."

"அதைப் போன்ல சொல்லாதே. இங்க வந்து, என் மூஞ்சிக்கு நேரா சொல்லு. எனக்குப் போதும்னு படுற வரைக்கும் சொல்லணும். இப்போ சாவியைப் போடு."

குர்ர்... பூம்ம்ம்ம்ம்ம்! நிக்கவே இல்லை. ஓடிக்கிட்டே இருந்துச்சு. எஞ்சின் மேல இருந்த ஈரமெல்லாம் ஆவியாகி வெள்ளையா மேல போச்சு. கோமதி தலையைத் துவட்டுற துண்டை எடுத்துக்கிட்டு வந்து நின்னா. எஞ்சினுக்கா புருஷனுக்கான்னு அவளுக்கே தெரியலை.

"அப்படியே பத்து நிமிஷம் ஓட விட்டுக் காய வை. அப்புறம் மெதுவா வா. கோமதியையும் கூட்டிட்டு வா, ரெண்டு பெட்டியை நீ ஒருத்தனாத் தூக்க முடியாது."

"ரெண்டு பெட்டியா? ஒரு நாளைக்கு எதுக்குக்கா ரெண்டு பெட்டி?"

"ஒரு நாளைக்குன்னு உன்கிட்ட யாருடா சொன்னா?"

...

"ம்" வரலையே? ஏய். சரி சரி, வர வேண்டாம். காரு போய்ச் சேந்துச்சு, கதை இறங்கிக்கிச்சு. நீ தூங்கு.