மூன்று நாட்டுக் கயல் காசு

"நான் கண்டுபிடித்ததை நான் ஏன் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

உமையாள் ஒரு காசை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் துறைநாட்டின் சுங்கத் தலைவர். உமையாள் எல்லையூரில் நோட்டப் பள்ளி நடத்துகிறவர். காசு நல்லதா கள்ளக்காசா என்று சோதித்துச் சொல்வதற்கு நோட்டம் என்று பெயர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் உமையாள் ஆசிரியர், ஏகாம்பரம் மாணவர்.

துறைநாடு, குன்றநாடு, தீவுநாடு மூன்றுக்கும் ஒரே காசு. கயல் மீன் பொறித்த வெள்ளிக்காசு. மூன்று மன்னர்களும் சண்டை போட்டு ஓய்ந்துபோன காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது. மூன்று நாட்டு நோட்டக்காரர்களும் ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் உண்டு.

ஏகாம்பரத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அவருடைய அப்பா குன்றநாட்டோடு நடந்த போரில் செத்தவர். பள்ளியில் குன்றநாட்டுப் பெள்ளன் உட்கார்ந்த பாயில் ஏகாம்பரம் உட்கார மாட்டார். தீவுநாட்டு ஹலீமா சந்தேகம் கேட்டால் காது கேளாதவர் போல இருந்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் புதுக் கள்ளக்காசு வந்தது.

கைதேர்ந்த வேலை. எடை சரியாக இருந்தது. கல்லில் போட்டால் ஓசையும் சரியாக வந்தது. உரைகல்லே ஏமாந்தது. உள்ளே ஈயமும் ஏதேதோ கலவையும், மேலே வெள்ளித் தோல். மூன்று நாட்டு நோட்டக்காரர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

ஏகாம்பரம் மட்டும் விடவில்லை. ஊருக்குப் போய், உண்ணாமல் உறங்காமல் காசும் கையுமாகக் கிடந்தார். கடைசியில் வழி பிடிபட்டது.

காசின் ஒரு விளிம்பை விரலால் பிடித்துக்கொண்டு மறு விளிம்பைக் கொதிநீரில் வைக்க வேண்டும். வெள்ளியில் சூடு ஓடிவரும். நல்ல காசு சட்டென்று விரலைச் சுட்டுவிடும். கள்ளக்காசு சோம்பேறி, அதில் சூடு மெல்லத்தான் ஏறும்.

துறைநாட்டு மன்னர் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். "இது நம் துறைமுகத்துக் காவலரைத் தாண்டிப் போகக் கூடாது" என்று கட்டளையும் இட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் துறைநாட்டுக் கடைத்தெருவில் ஒரு கள்ளக்காசு இல்லை.

அந்தப் பெருமையோடுதான் பள்ளிக்குத் திரும்பி வந்திருந்தார். கண்டுபிடித்தேன் என்றார், எப்படி என்று சொல்லவில்லை. "பெள்ளனிடமும் ஹலீமாவிடமும் சொன்னீர்களா?" என்று உமையாள் கேட்டதற்குத்தான் அந்தப் பதில் கேள்வி.

உமையாள் காசைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டீர்களா?"

"இல்லை."

"எனக்கும் பசிக்கிறது. இன்று நீங்கள் வாங்கித் தாருங்கள். வாருங்கள்."

குன்றநாட்டுச் சந்தை எல்லையூரை அடுத்த ஏற்றத்தில் இருந்தது. ஏகாம்பரம் மடியில் காசு வைத்திருந்தார். ஒவ்வொன்றும் அவரே கொதிநீரில் சோதித்த காசு.

சந்தையில் பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன. திறந்திருந்த முதல் கடையில் காசைப் பார்த்ததும் கைகூப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு மரத்தடியில் மாதி என்ற பெண் சோறு விற்றுக்கொண்டிருந்தாள். அடுப்பில் சாமைச்சோறு கொதித்தது. பக்கத்துச் சட்டியில் அவரைக்குழம்பு மணத்தது.

"காசாங்க? வேண்டாங்க. உப்போ துணியோ இருந்தா குடுங்க, போடறேன்."

"அம்மா, இது நல்ல காசு."

"எல்லாரும் அதைத்தாங்க சொல்றாங்க."

"நான் துறைநாட்டுச் சுங்கத் தலைவர். நான் சொல்கிறேன்."

"போன வருஷத்து மிளகு மொத்தமும் ஒருத்தருக்குக் குடுத்தேன். அவரும் பெரிய மனுஷருதான்." மாதி கரண்டியால் வேலியோரம் காட்டினாள். "அவரு குடுத்தது அதோ ஆடுது பாருங்க."

வேலியில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. அதன் கழுத்தில் கயல் காசுகள் துளைபோட்டுக் கோத்துக் கிடந்தன. ஆடு தலையை ஆட்டியபோதெல்லாம் கலகலவென்றன.

"எல்லாமே கள்ளக்காசா?"

"யாருக்குங்க தெரியும்? எது நல்லது எது கெட்டதுன்னு சொல்ல ஆளில்லை. சந்தையில இப்ப யாரும் காசைத் தொடறதில்லை. அரிசி மலை ஏறலை, மிளகு மலை இறங்கலை. பிள்ளைங்க சாமைக்கே வரிசையில நிக்குதுங்க."

ஏகாம்பரம் தன் கையிலிருந்த காசைப் பார்த்தார். சுத்த வெள்ளி. அதற்கு ஒரு பிடி சோறு கிடைக்கவில்லை.

ஓர் எட்டு வைக்கும் தூரத்தில் சோற்றுப்பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் உமையாளைப் பார்த்தார். உமையாள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மன்னரின் கட்டளை இருக்கிறது" என்றார் ஏகாம்பரம்.

"எனக்குப் பசி இருக்கிறது" என்றார் உமையாள்.

ஆடு மறுபடி தலையை ஆட்டியது.

அவர் அடுப்பருகே குனிந்தார். "இங்கே வா, அம்மா. இந்த விளிம்பைப் பிடித்துக்கொள். மறு விளிம்பைக் கஞ்சியில் வை."

மாதி தயங்கித் தயங்கி வைத்தாள்.

"ஆத்தாடி! சுடுது!"

"சுட்டால் நல்ல காசு. இப்போது அந்த ஆட்டைப் பிடித்து வா."

ஆட்டின் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். ஒன்று சுடவில்லை. அடுத்ததும் சுடவில்லை. அதற்கடுத்தது சுட்டது.

"சுடுதுங்க! இதுவும் சுடுது!" மாதி விரலை உதறிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பானைகள் வந்தன. பரணிலும் குப்பையிலும் போட்டுவைத்த காசுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். சுட்டுக்கொண்ட விரல்களைத் தூக்கிக் காட்டி ஆட்கள் கூத்தாடினார்கள். திருவிழாவில்கூட அப்படி ஒரு கூச்சல் கேட்டதில்லை.

உமையாளுக்கு யாரோ இலையில் சோறு வைத்தார்கள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார்.

சத்தம் கேட்டுப் பள்ளியிலிருந்து பெள்ளனும் ஹலீமாவும் ஓடிவந்தார்கள். ஏகாம்பரம் அவர்களுக்கும் செய்து காட்டினார். மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஏகாம்பரம்தான் பேச்சை ஆரம்பித்தார். "உள்ளே ஈயம். இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது?"

"எங்கள் மலையில்தான் ஈயம் வெட்டுகிறார்கள்" என்றார் பெள்ளன். "ஒரு வியாபாரி மொத்தமாக வாங்கிப் போகிறான். மீன்வலை மூழ்கக் கட்டும் வலைக்குண்டு செய்யத் தீவுக்குக் கொண்டுபோகிறேன் என்பான்."

ஹலீமா கையைக் கழுவப் போனவர் அப்படியே நின்றார்.

"எந்தத் தீவுக்கு? எங்கள் ஆட்கள் வலையில் ஈயம் கட்டுவதில்லையே. சுட்ட மண்குண்டுதான் கட்டுவோம்."

ஏகாம்பரம் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார்.

"வலைக்குண்டு என்று சொல்லி ஒரு படகு எங்கள் துறையிலிருந்துதான் மாதாமாதம் கிளம்புகிறது. நான்தான் முத்திரை குத்தி அனுப்புகிறேன்."

மூவரும் அங்கேயே உட்கார்ந்து திட்டம் போட்டார்கள்.

பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. பெள்ளன் சுரங்கத்துக்குப் போய், ஈயக்கட்டிகளில் தானே ஓர் அடையாளக் கீறல் போட்டு அனுப்பினார். ஏகாம்பரம் எதுவும் தெரியாதவர் போல அந்தப் படகுக்கு முத்திரை குத்தினார். ஹலீமா தீவுப் படகுகளை மீன்பிடிக்கும் பாவனையில் கடலில் பரப்பி வைத்திருந்தார். ஈயப் படகு எந்தத் தீவுக்கும் போகவில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு மணல்திட்டில் போய் ஒதுங்கியது.

அங்கே உலை இருந்தது. அச்சுகளும் இருந்தன. கீறல் போட்ட கட்டிகள் பாதி உருகிய நிலையில் கிடந்தன. நட்டநடுப் பகலில் பெள்ளனும் ஹலீமாவும் தங்கள் ஆட்களோடு நாலு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள். தப்பி ஓடிய படகைத் துறைவாயில் ஏகாம்பரம் மறித்தார்.

பிடிபட்ட கூட்டத்தில் மூன்று நாட்டு ஆட்களும் இருந்தார்கள். மேலே வெள்ளி பூசியவன் ஒரு நாடு, அச்சு வெட்டியவன் ஒரு நாடு, படகு ஓட்டியவன் ஒரு நாடு. அவர்களுக்குள் ஒரு சண்டையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர்களைக் கரையேற்றிய அன்று துறைமுகமே திரண்டு வந்து நின்றது. மூன்று நாட்டுக் கொடிகளும் ஒரே படகில் பறந்து அந்தத் துறை அதுவரை பார்த்ததில்லை. ஏகாம்பரம் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரையறியாமல் நெஞ்சு நிமிர்ந்தது. அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு படகின் கயிற்றைப் பிடித்து இழுக்க இறங்கிப் போனார்.

மறுநாள் துறைநாட்டு மன்னர் அவரை அழைத்தார். உமையாளையும் அழைத்திருந்தார்.

"கட்டளையை மீறி ரகசியத்தைச் சொல்லிவிட்டீர்" என்றார் மன்னர்.

"ஆம், அரசே."

"அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பரிசு." மன்னர் அருகில் இருந்த பரிசுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "அந்தத் திட்டில் இறங்கிக் கள்ளர்களைப் பிடித்த நம் ஆட்கள் யார் யார்? பெயரைச் சொல்லும்."

ஏகாம்பரம் நிமிர்ந்து நின்றார்.

"பெள்ளன். ஹலீமா."

சபை சலசலத்தது. மன்னரின் புருவம் ஏறியது.

"நான் கேட்டது நம் ஆட்களை."

"அவர்களைத்தான் சொன்னேன், அரசே."