காத்தாயி கேட்காமல் விட்ட கேள்வி

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஊர்விட்டு ஊர் சேதி கொண்டுபோவது உள்ளான் குருவிகளின் வேலை. வழியில் ஒரு புழுவைக் கொத்தினாலும் சேதி கலைந்துவிடும் என்று அவற்றுக்குப் பயம். அதனால் பட்டினியாகவே பறக்கும். போய்ச் சேர்ந்த வீட்டில் வைத்தால் தின்னும். வாய்விட்டுக் கேட்காது. மனிதர்களோ, சேதியெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் எதையாவது வைப்பார்கள். அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

காத்தாயிக்கு ஒரே மகள், செங்கமலம். மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியான மகளைப் பற்றி மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் ஓர் உள்ளான் அவள் வாசலில் விழுந்தாற்போல இறங்கியது.

"ஆத்தா, செங்கமலம் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிச்சு. உங்களுக்கு மட்டும்னு..."

"இரு, இரு. அவ வார்த்தையைக் கடைசியாச் சொல்லு. அப்பத்தான் மனசுல நிக்கும். முதல்ல, பிள்ளை பிறந்துச்சா?"

"பிறந்துச்சு. பொம்பளப்பிள்ள."

"யாரு சாடை?"

"உங்க சாடைதான். மூக்கு மட்டும் அப்பன் மூக்கு."

"போச்சு போ! அந்த மூக்கா வந்து வாய்க்கணும்? தலைமுடி இருக்கா? மாமியாக்காரி மருந்து அரைச்சுக் கொடுத்தாளா, இல்ல அதுக்கும் மூஞ்சியைத் தூக்கினாளா?"

குருவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

அடுத்த வீட்டு மாரக்காள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அடியே, பேத்தி எடுத்தவளே! அது காலைப் பாரு, நடுங்குது. ஒரு வாய் கஞ்சி வையேன்டி."

"உனக்கென்னக்கா, உன் மக எதிர்த்தெருவுல இருக்கா. இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள் காத்தாயி. பிறகும் கேட்டுக்கொண்டே போனாள். "பால் இருக்கா அவளுக்கு? தொட்டில் யாரு கட்டினா? என்னைத் தேடினாளா?"

"தேடி அழுதுச்சு, ஆத்தா."

அதற்குமேல் அவளுக்குக் கேட்க ஒன்றும் வரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, இப்பச் சொல்லு. என் மக என்ன சொன்னா?"

குருவி அலகைத் திறந்தது. "ஆத்தா..." என்றது. அப்படியே சாய்ந்துவிட்டது.

காத்தாயி உள்ளே ஓடிக் கஞ்சியைக் கொண்டுவந்து அலகில் ஊற்றினாள். அது இரண்டு பக்கமும் வழிந்து மண்ணில் ஊறியது.

அதன் பிறகு பறவைகள் மனிதர்களோடு பேசவே இல்லை. காத்தாயி மலை ஏறிப் போய் மகளையே கேட்கக் கிளம்பினாள், முழங்கால் விடவில்லை. மகளும் வரவில்லை. அந்தப் பக்கத்து ஆள் யாராவது அந்த வார்த்தையைக் கொண்டுவரமாட்டார்களா என்று தெருமுனையில் நிற்பாள். எதிரே ஒரு முகம் கண்டால், எந்த ஊர், என்ன சேதி என்று கேட்க நாக்குத் துடிக்கும். அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டாச்சா?" என்பாள். இல்லை என்றால் அழைத்துப்போய்ச் சோறு போடுவாள். அவர்கள் கை கழுவிய பிறகே, "மலைக்கு அந்தப் பக்கமிருந்தா வர்றீங்க?" என்று மெதுவாகக் கேட்பாள். அந்த வார்த்தை கடைசிவரை அவளுக்குக் கிடைக்கவில்லை.

அவளிடமிருந்து அந்தக் கேள்வி ஊராரிடம் ஒட்டிக்கொண்டது. அன்று முதல்தான், தலைபோகிற சேதியோடு ஓடிவருகிறவரைக்கூட நிறுத்தி, முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோம்.