நிழல் விழாத ஆண்டு

அந்த ஆண்டு சிரியா நாட்டில் சூரியன் இருந்தது, வெயில்தான் இல்லை. நடுப்பகலிலும் நிலவு காய்வதுபோல் இருந்தது. திராட்சை புளித்துப்போனது. புல் கிடைக்காத ஒட்டகக்காரர்கள் பாலைவனத்திலிருந்து எல்லை தாண்டி வந்தார்கள். சிரியாவை ஆண்ட கிழக்குப் பேரரசரின் படை ரோமாபுரிக்குள் நுழைந்துவிட்டதாகவும் சேதி வந்தது.

மலையடிவாரத்துக் கன்னியர் மடத்தில் இருந்த ஃபெப்ரோனியாவுக்கு ரோமாபுரி பெரிதாகப் படவில்லை. அவர் கவலையெல்லாம் வாசலில் நின்ற கல்தூணைப் பற்றித்தான். ஆண்டுதோறும் விதைப்புக் காலத்தில் அதன் உச்சிவேளை நிழல் தரையில் வெட்டிய கோட்டைத் தொடும். உடனே அவர் மணி அடிப்பார். மணி கேட்டால்தான் ஊர் விதைக்கும். மடத்திலேயே மூத்தவர் அவர். மடத்துத் தலைவியான குரு ஷமூனியே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

உழவன் ஹபீப் வந்து நின்றான்.

"மணி அடிங்கம்மா. மழை பெஞ்சு மண்ணு பதமா இருக்கு."

"நிழல் விழலையேப்பா."

"வீட்டுல ஒரு ஜாடி பார்லிதான் மிச்சம். இன்னும் காத்திருந்தா பிள்ளைங்க அதையும் தின்னுடும்."

"நிழல் விழட்டும்."

அவன் போய் அந்த ஜாடி பார்லியை விதைத்துவிட்டான். அவன் மனைவி வரப்பில் நின்று அழுதாளாம்.

ஃபெப்ரோனியாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே குருவிடம் போனார்.

"மணி அடிக்காமலே விதைச்சிருக்கான் தாயே. கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டாமா?"

"கண்டிக்கலாம் அக்கா. அறுவடை ஆகட்டும்."

நிழல் விழவே இல்லை. காத்திருந்தவர்கள் விதையைத் தின்று தீர்த்தார்கள். பிறகு கீரையும் கிழங்கும் தேடி மலையேறினார்கள். ஹபீப் வயலில் மட்டும் பார்லி நின்றது. நோஞ்சான் கதிர்தான். அறுத்ததில் பாதியை அவன் ஊருக்கு விதையாகப் பங்கிட்டுக் கொடுத்தான். என்ன மனுஷன்! மடத்துக்கும் ஒரு கூடை வந்தது.

அந்த மாவில் சுட்ட ரொட்டியை ஷமூனி நீட்டினார்.

"இப்பக் கூப்பிடட்டுமா அக்கா, அவனைக் கண்டிக்க?"

ஃபெப்ரோனியா ரொட்டியைப் பிட்டார். பிட்டதை வாயில் போடாமல் வாசலைப் பார்த்தார். வெளியே தூண் இன்னும் நிழலில்லாமல்தான் நின்றது.

"இந்தத் தடவையும் நிழல் விழலேன்னா, நான் எதைப் பார்த்து மணி அடிக்கிறது தாயே?"

"ஹபீப் வீட்டு வாசலைப் பாருங்க அக்கா" என்றார் ஷமூனி. "அவன் ஏரைத் தூக்கிட்டு வெளிய வருவான்."