வண்டி நின்ற வாசல்

பொழிலூர் ராஜா கஜேந்திரபூபதிக்குப் புலியைக் கண்டால் பயமில்லை. எதிரிப் படையைக் கண்டால் பயமில்லை. மளிகைக்கடை தெய்வானை ஆச்சியைக் கண்டால் மட்டும் பல்லக்குத் திரையை இழுத்து மூடிக்கொள்வார். பின்னே? பதினோரு மாதப் பாக்கி. நானூறு பொன்.

ஆச்சி தங்கமான மனுஷி. அரண்மனைக் கணக்கில் எழுதிக்கொள் என்று ஆள் வந்து சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் சரக்கை நிறுத்து, சொந்த மாட்டுவண்டியிலேயே அனுப்பிவைப்பாள். இப்போது அவள் கழுத்துக்கே கத்தி வந்துவிட்டது. சித்திரை முதல் தேதிக்குள் பணம் வராவிட்டால் கடையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வேன் என்று துறைமுகத்து மொத்த வியாபாரி சொல்லியனுப்பிவிட்டான். அதற்கு ஒரே நாள்தான் இருந்தது.

அரசவையிலே திருவேங்கடன் என்று ஒருவன் இருந்தான். வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். அவன் கையில் காசோடு சுக்கு வாங்கப் போனவன், கல்லாப் பக்கத்தில் ஆச்சி அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டான். சுக்கை மடியில் கட்டிக்கொண்டு நேரே சபைக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. பொக்கிஷதார் நாகமாணிக்கத்தைப் பார்த்தார். அந்த மனுஷன் தயாராக இருந்தார். பொக்கிஷத்தில் இருப்பதெல்லாம் கோட்டை மதிலுக்கு ஒதுக்கியது என்றார். அதோடு, ராஜா கடன்காரர் என்று ஏட்டில் எழுதினால் அண்டை நாட்டார் சிரிக்கமாட்டார்களா என்றும் கேட்டார். தளவாய் ஆமாம் என்று தலையாட்டினார். ஆஸ்தானப் புலவரும் ஆட்டினார். மூன்று பேரும் ஒரே பேச்சாக நின்று அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சபை நடுவில் மானம் போன கோபம் ராஜாவுக்கு. அது திருவேங்கடன் மேலேயே பாய்ந்தது.

"ஆச்சிக்குப் பரிந்துகொண்டு வந்தாய் அல்லவா, வழியும் நீயே சொல். பொக்கிஷப் பூட்டைத் திறக்கக்கூடாது. களஞ்சியத்திலிருந்து ஒரு மணி நெல் போகக்கூடாது. ஒரு சாண் நிலம் தரமாட்டேன். ஆனால் நாளை உச்சிவேளைக்குள் பாக்கி தீரவேண்டும். தீராவிட்டால் இந்தச் சபைப் பக்கம் நீ தலைவைத்துப் படுக்கக்கூடாது."

திருவேங்கடன் மறுபடி கடைக்குப் போனான். கணக்கேட்டை வாங்கிப் புரட்டினான். அரண்மனைக்கு அரிசி பருப்பெல்லாம் களஞ்சியத்திலிருந்தே வந்துவிடும். கடையில் வாங்குவது மிளகும் பெருங்காயமும்தான். நானூறு பொன்னுக்கு மிளகு வாங்கியிருந்தால் நாடே தும்மிக்கொண்டிருக்க வேண்டுமே என்று யோசித்தான். அப்போதுதான் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏதோ இருப்பது கண்ணில் பட்டது. இது என்ன ஆச்சி என்று கேட்டான்.

"அதுவா ஐயா, வண்டி எந்த வாசலில் நின்று சரக்கை இறக்கினது என்று எழுதி வைப்பேன். வண்டிக்காரனுக்குத் தூரத்துக்குத் தக்கபடி கூலி கொடுக்கணுமே. எங்கள் மாமனார் காலத்துப் பழக்கம்."

திருவேங்கடன் ஏட்டை மூடினான். நாளைக்கு வெற்றிலை நிறைய வாங்கி வை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான்.

மறுநாள் சித்திரை ஒன்று, கடைகளில் புதுக்கணக்குப் போடும் நாள். பழைய ஏட்டைச் சத்தமாகப் படித்து முடித்த பிறகுதான் மஞ்சள் தடவிய புது ஏட்டைத் திறப்பது ஆச்சி கடை வழக்கம். கணக்கு வைத்திருப்பவர்கள் வந்து வெற்றிலையும் கல்கண்டும் வாங்கிப் போவார்கள். மகாராஜாவிடம் ஒரு காசு கேட்கமாட்டோம், மகாராணியோடும் சபையோடும் வந்து வெற்றிலை வாங்கிக்கொண்டால் போதும் என்று திருவேங்கடன் கெஞ்சிக் கூத்தாடி எல்லாரையும் அழைத்து வந்துவிட்டான். மொத்த வியாபாரியின் ஆளும் பூட்டோடு ஓரமாக நின்றான்.

திருவேங்கடன் ஏட்டை எடுத்துத் தொண்டையைச் செருமினான்.

"ஐப்பசி பத்து. நெய் நாலு குடம், முந்திரி ஒரு மூட்டை, ஏலம் இரண்டு வீசை. அரண்மனைக் கணக்கு. வண்டி நின்ற இடம், பொக்கிஷதார் நாகமாணிக்கம் வீட்டு வாசல்."

ஐப்பசியில்தான் நாகமாணிக்கத்தின் மகளுக்குக் கல்யாணம். ராஜாவே போய் இரண்டு தடவை அல்வா கேட்டு வாங்கிச் சாப்பிட்டு வந்திருந்தார். அவர் மெதுவாகத் திரும்பிப் பொக்கிஷதாரைப் பார்த்தார். பொக்கிஷதார் எச்சிலை விழுங்கினார். அது தன் சொந்தக் கணக்கு, தவறி இதில் ஏறிவிட்டது என்று முனகிக்கொண்டே பண முடிப்பை அவிழ்த்தார். போதாததற்கு மோதிரத்தையும் கழற்றி வைத்தார்.

அடுத்து தளவாய் வீட்டு வாசல். அப்புறம் அவருடைய மைத்துனன் வீட்டு வாசல். புலவர் தம் பெயர் வரும்வரை காத்திருக்கவில்லை, தாமே முன்னால் வந்து கட்டிவிட்டார். அதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் வரிசை கட்டினார்கள். மொத்த வியாபாரியின் ஆள் தன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பூட்டையும் தூக்கிக்கொண்டு போனான். ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். ராஜாவுக்கு ஒரே குஷி. படி, படி என்று உற்சாகப்படுத்தினார்.

"மாசி மாதம். கருப்பட்டி மிட்டாய், தினம் அரை வீசை. வண்டி நின்ற இடம், நந்தவனம், மல்லிகைப் பந்தலுக்குப் பின்புறம்."

ராஜா இனிப்பைத் தொடவே கூடாது என்று வைத்தியர் உத்தரவு போட்டிருந்தது தை மாதத்தில். மகாராணி மெதுவாகத் திரும்பி ராஜாவைப் பார்த்தாள். ராஜா எச்சிலை விழுங்கினார். தம் இடுப்பு முடிப்பை அவிழ்த்து, மிட்டாய்க்கும் அரண்மனை மிளகு பெருங்காயத்துக்கும் சேர்த்து எண்ணி வைத்தார்.

"பொக்கிஷப் பூட்டு திறக்கவில்லை, மகாராஜா" என்றான் திருவேங்கடன்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். போட்ட பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அது சரி, எல்லார் வாசலிலும் வண்டி நின்றிருக்கிறது. உன் வாசலில் மட்டும் நிற்கவில்லையே. நீ அவ்வளவு யோக்கியனா?"

திருவேங்கடன் தலையைச் சொறிந்தான்.

"நானும் நாலு தடவை அரண்மனைக் கணக்கில் எழுது என்று சொல்லிப் பார்த்தேன், மகாராஜா. பேசியே ஆளைக் கவிழ்க்கிறவனுக்குக் கடன் கொடுக்காதே என்று ஆச்சியின் மாமனார் சொல்லிவிட்டுப் போனாராம். ஆச்சி என்னிடம் மட்டும் காசை வாங்காமல் தராசையே தூக்குவதில்லை."