இழுப்பை இழுத்த காந்தம்

பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் முதலாளி கைலாசம் நடந்து வந்தால் வழியில் கிடக்கும் ஆணியெல்லாம் கூடவே வரும்! கழுத்தில் காந்த மாலை, கையில் காந்தக் காப்பு, செருப்புக்குள்ளும் காந்தம். குடிப்பதுகூட காந்தம் போட்ட தண்ணீர்தான்.

அவர் மில்லில் வேலை செய்யும் ராமாத்தாளுக்கு நார்த்தூசி பட்டுப் பட்டு மூச்சிழுப்பு வந்துவிட்டது. தூசியை வெளியே தள்ள ஒரு ஃபேன் மாட்டச் சொல்லிக் கேட்டாள். கைலாசமோ தன் இடுப்பிலிருந்த காந்த பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"நோயை அப்படியே இழுத்துரும்! ஞாயித்துக்கிழமை நம்ம காந்த சங்கத்துல வந்து, இழுப்பு போயிருச்சுன்னு சொல்லோணும். இல்லீன்னா வேலைக்கு வராதே!"

ஞாயிறன்று மண்டபம் நிறையக் காந்தம் கட்டிய பெரிய மனிதர்கள். ராமாத்தாள் மூச்சை அடக்கிக்கொண்டு மேடையேறினாள்.

"என் இழுப்பைப் பெல்ட்டு இழுத்துக்கிச்சுங்க!"

ஒரே கைதட்டல்! கைலாசம் மீசையை முறுக்கினார்.

"அது பூராவும் இப்ப பெல்ட்டுக்குள்ளதானுங்க இருக்குது. இந்தாங்க முதலாளி, கட்டிக்குங்க."

கைலாசம் துள்ளிப் பின்னால் போனார். "அட, கிட்ட கொண்டு வராதே!"

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "யோவ், நீ கட்டின மாலையைத்தானே எனக்குக் குடுத்தே? உன்ர மூல வியாதி இதுலயா இருக்குது?" கழற்றி வீசினார். மண்டபமெங்கும் காந்தங்கள் தடதடவென்று விழுந்தன.

"ஐயோ, கழட்டாதீங்க! காந்தம் எந்த நோயையும் இழுக்காதுங்க!" என்று கத்தினார் கைலாசம்.

அடக்கி வைத்திருந்த இழுப்பு ராமாத்தாள் நெஞ்சில் விசிலடித்தது.

"அப்ப ஃபேனையே மாட்டிருங்க முதலாளி. அதோட மோட்டாருக்குள்ளயும் காந்தந்தானுங்களே!"