இடப்பக்கம் நீண்ட தாடி

பூவனூர் அரசர் குணபூஷண ராயருக்கு எதிரியைக் கண்டால் பயம் கிடையாது. முகக்கண்ணாடியைக் கண்டால்தான் கலக்கம். மார்பை மறைக்கும் தாடி அவருக்கு. ஐந்து நாளுக்கு முன் அரியணையருகே ஒரு முகக்கண்ணாடி வைத்தார்கள். அன்றிலிருந்து தாடி கோணிக்கொண்டே இருந்தது.

அவர் சபையில் விகடம் பேசிப் பிழைத்தவர் ஆவுடையப்பர். அவருக்கும் தாடி உண்டு. உண்டு என்று அவர் சொன்னால்தான் பிறருக்குத் தெரியும். முகவாயில் மொத்தம் பதினேழு முடி. அதற்குத் தினமும் எண்ணெய் வேறு.

அரண்மனை நாவிதர் மருதமுத்து தொழிலில் குறை வைக்காதவர். பூந்திக்கொட்டை நுரையைக் குழைத்துப் பூசுவார். தோல்வாரில் தீட்டிய கத்தியால் கன்னத்தையும் கழுத்தையும் ஒதுக்குவார். பிறகு கத்தரியால் தாடியின் அடியைச் சமன் செய்வார். முக்காலியில் அரசர் உட்கார்ந்திருக்கும்வரை எல்லாம் நேர். அரியணையில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தால் இடப்பக்கம் ஒரு விரற்கடை நீளம்! இடதைக் குறைத்தால் மறுநாள் முக்காலியில் வலது நீளம். அதையும் குறைத்தார். இப்படியே போனதில் மார்பில் இருந்த தாடி கழுத்துக்கு ஏறிவிட்டது.

ஆறாம் நாள் அரசர் வெடித்தார்.

"மருதமுத்து! இன்றும் கோணினால் உன் கை உன்னுடையது இல்லை!"

நாவிதர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஆவுடையப்பருக்கு வாய் சும்மா இருக்குமா?

"அரசே, நான் பொறுப்பு. நேராகாவிட்டால் என் தாடியையும் எடுத்துவிடுங்கள்."

"உம்மிடம் எடுக்க என்ன இருக்கிறது?"

"பதினேழு இருக்கிறது, அரசே. பதினெட்டாவது புறப்பட்டுவிட்டது."

உடனே கொத்தனாரிடமிருந்து நூல் வரவழைத்தார். முக்காலியில் இருந்த அரசரின் தாடிக்குக் கீழே தாமே நூலைப் பிடித்தார். மருதமுத்து நூலை ஒட்டி வெட்டினார். ஒரு முடி பிசகவில்லை. ஆவுடையப்பருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அரசர் அரியணையில் ஏறினார். மந்திரி மார்க்கசகாயர் இடக்காதில் காலைச் சேதி சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார்.

"இடது நீளம்!"

ஆவுடையப்பர் தம் பதினேழு முடியையும் கையால் மூடிக்கொண்டார். ஒரு நூலை நம்பி ஒரு மனிதனின் கையைப் பணயம் வைத்தோமே, நம் மூளையும் நம் தாடி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருக்கிறது என்று தம்மையே திட்டிக்கொண்டார்.

மந்திரி மறுபடியும் அரசரின் இடக்காதில் கிசுகிசுத்தார். "வேண்டுமென்றே செய்கிறான், பிரபு." பன்னிரண்டு வருஷமாக அந்தக் காதுதான் அவருடைய அலுவலகம். கேட்பதற்காக அரசர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார்.

ஆவுடையப்பர் அதைப் பார்த்தார்.

"மந்திரியாரே, இன்று ஒரு மாறுதலுக்கு வலப்பக்கம் வந்து சொல்லுங்களேன்."

எந்தக் காதானால் என்ன என்று மந்திரி வலப்பக்கம் வந்து குனிந்தார். அரசரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். கண்ணாடியைப் பார்த்து அலறினார்.

"இது என்ன கூத்து! இப்போது வலது நீளம்!"

"இனி எதிரே நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள், மந்திரியாரே."

மந்திரி எதிரே வந்தார். "ஒன்றுமில்லை, பிரபு."

அரசரின் தலை நிமிர்ந்திருந்தது. தாடி நேராக இருந்தது.

அரசர் கண்ணாடியைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், மருதமுத்துவின் கையைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"தலையைக் கோணலாக வைத்துக்கொண்டு தாடியை வெட்டச் சொல்லியிருக்கிறேன். என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா?" என்று சொல்லிக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

அன்றிலிருந்து மந்திரி பத்தடி தள்ளி நின்று உரக்கப் பேச வேண்டும் என்று உத்தரவானது. போக இருந்த கையில் தங்கக் காப்பு ஏறியது.

"உமக்கு என்ன வேண்டும், ஆவுடையப்பரே?"

"இந்தத் தாடிக்கும் ஒரு ராஜ சவரம், அரசே."

முக்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பதினேழு முடியும் நுரைக்குள் மறைந்தன. மருதமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் கத்தியை வைத்தார். அந்த நேரம் பார்த்து அரசர் இறங்கி வந்து, ஆவுடையப்பரின் இடக்காதருகே குனிந்தார்.

நிறைந்த சபையில், அரசர், தம் காதில்! ஆவுடையப்பர் தலையை ஒரேயடியாகச் சாய்த்தார்.

சரக்!

தாடி, புறப்பட்டிருந்த பதினெட்டாவதையும் சேர்த்துக்கொண்டு, நுரையோடு போய்விட்டது. அரசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அரசர் அப்படி என்ன ரகசியம் சொன்னார்?" என்று சபையே மொய்த்துக்கொண்டது.

வழவழவென்றிருந்த முகவாயைத் தடவிக்கொண்டே ஆவுடையப்பர் சொன்னார்:

"'தலையைச் சாய்த்துவிடாதீர்' என்றார்."